உன் அம்மா தூக்கி வந்த நாற்காலி

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருக்கிறோம், இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி, மீதியை நிதானமாகப் படிக்கலாம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைக்கிற ஜுரம் என்றாயே, விட்டதா. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பாதியில் வைத்துவிடுகிறாரே என்று உனக்கு வருத்தம் இருக்கும். லைன் அறுந்து அறுந்து வருகிறது, அதுகூடப் பெரிதில்லை, அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நம் வீட்டின் அகலம் உனக்குத் தெரியாததா, அடுப்படியில் இருமினால் வாசலில் கேட்கும். நான் சொல்ல நினைப்பது அவளைப் பற்றிய விஷயம். அதனால் அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன். தபால் ஆபீஸ் திறந்துவிட்டார்கள். தபால்தலையில் இன்னும் பழைய முகம்தான் இருக்கிறது, இது செல்லுமா என்று கேட்டேன், உள்ளே இருந்த பெண் "செல்லாதுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல சார், செல்லும்னும் சொல்லல" என்றாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால் செல்லும் என்று அர்த்தம்.

முதலில் ஊர் நிலவரம், நீ அதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறாய். அன்று காலையில் நான் வழக்கம்போல ஆபீஸ் கட்டடத்து லிஃப்ட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓடவிட்டு வைத்தேன். இத்தனை வருஷ வேலையில் எல்லோரும் கீழே இறங்குவதை மட்டும் பார்த்தது அன்றுதான். மேலே போக ஒருவர்கூட வரவில்லை. காலி லிஃப்ட்டை மேலே அனுப்புவேன், நிறைந்து கீழே வரும். ஒரு பெரிய அதிகாரி மேஜை விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார், என்ன சார் என்றேன், "ஒண்ணுமில்ல, ரிப்பேருக்கு" என்றார். மத்தியானத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது, உச்சியில் இருந்தவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ரேடியோவில் வெகுநேரம் வெறும் வாத்திய இசை, பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசித்தார். அதே ஆள்தான், அதே குரல்தான், மாண்புமிகு என்ற சொல் மட்டும் போய்விட்டது. தெருவில் பாதிப் பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பாதிப் பேர் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள், சிலர் கட்டிப்பிடித்துவிட்டு அப்புறம் போய்த் தாழ்ப்பாள் போட்டார்கள். நான் எந்த ரகம் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. சந்தோஷம்தான், ஆனால் மேலே போன லிஃப்ட்டின் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்கு எந்தச் சந்தோஷத்திலும் ஒரு கண் அந்தக் கம்பிமேலேயே இருக்கும்.

நம் பகுதியில் எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டிருந்தாரே, மேலிடம் என்று நாம் பெயர் வைத்திருந்தோமே, அவரும் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டார். கேட்டைத் திறந்து போட்டபடியே போயிருக்கிறார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து எல்லோரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள், கூட்டம் அம்மாவையும் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நானும் தம்பியும் அவளைக் காணோமே என்று வாசலில் தவித்துக்கொண்டு நிற்கிறோம், தெருமுனையில் ஒரு நாற்காலி வருகிறது. அதற்குக் கீழே உன் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இத்தனை வருஷமாகப் போர்வை மூட்டை சுமந்த தலை அல்லவா, ஒரு கையால்கூடப் பிடிக்காமல் நேராக நடந்து வந்தாள். கறுப்பு மரம், சிவப்பு வெல்வெட் மெத்தை, கைப்பிடி நுனியில் பித்தளைக் குமிழ். வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னல் பக்கத்தில் இறக்கி வைத்தாள், கை கால் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். என்ன இது என்று கேட்டேன். "பார்த்தாத் தெரியலையா, நாற்காலி" என்றாள். கீழே கிடந்த சில்லறையைக்கூட எடுக்காமல் தாண்டிப் போகிறவள் உன் அம்மா. நோயாளி படுக்கையில் விட்டுப்போன சீப்பைக்கூட வார்டு வார்டாகத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

அவள் மட்டும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் அந்த வீட்டுக் கூடத்துச் சரவிளக்கையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டுக் கூரை உயரம் உனக்குத் தெரியும், மாட்டிய நாளிலிருந்து சாப்பிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்கிறார், அந்தச் சத்தம் நம் வீட்டுக்குக் கேட்கிறது. இன்னொருவர் கதவு ஒன்றை நிலையோடு பெயர்த்து எடுத்து வந்திருக்கிறார், அதை வைக்க அவருக்கு வீட்டில் வாசல் இல்லை. இதையெல்லாம் சொல்லி நான் சிரிக்கப் பார்த்தேன், தம்பி சிரிக்கவில்லை. அவன் இப்போது தெருக் குழுவில் இருக்கிறான். போலீஸ்காரர்கள் காணாமல் போனபிறகு நாற்சந்தியில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தியவர்களில் அவனும் ஒருவன். தற்காலிக நிர்வாகம் என்று ஒன்று வந்ததும் ஒலிபெருக்கி கட்டிய வேனில் அறிவித்துக்கொண்டு போனார்கள், பெரிய வீடுகளிலிருந்து எடுத்த பொருள்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும், பெயர் கேட்க மாட்டோம், அடுத்த வாரம் முதல் வீடு வீடாகச் சோதனை என்று. அந்த மைதானத்தில் காவல் நிற்கிற பொறுப்பு நம் தம்பியுடையது. ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு "பேரு எழுத மாட்டோம்னு சொல்லித்தான் எழுதுவாங்க, எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்" என்றார். பழையவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள், திருப்பிக் கொடுத்தவர்களைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று ஒரு பேச்சு. கொடுக்காதவர்களைப் புதியவர்கள் பிடிப்பார்கள் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள்தான், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

தம்பி அம்மாவிடம் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அம்மா, ஜெயிலுக்குள்ள இருந்தப்போ என்னை என்னென்னவோ சொன்னாங்க, திருடன்னு மட்டும் ஒருத்தனும் சொன்னதில்ல. இப்ப நான் ஊர்ச் சாமானுக்குக் காவல் நிக்கறேன், நம்ம வீட்டு ஜன்னல்ல அந்த நாற்காலி ரோட்டுக்கே தெரியுது" என்றான். அம்மா ஒரு பழைய போர்வையை எடுத்து நாற்காலிமேல் போட்டு மூடினாள். அதற்குமேல் அவன் அம்மாவிடம் சாப்பாடு கேட்பதையே நிறுத்திவிட்டான், தானே எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே தின்றுவிட்டுப் போவான். எனக்கு என்ன வியப்பு என்றால், அவளும் அதில் ஒருமுறைகூட உட்காரவில்லை. கீழேதான் உட்கார்ந்து காய் நறுக்கினாள். வீட்டில் நடக்க இருந்த இடத்தையும் அது அடைத்துக்கொண்டது, எனக்கு இடறாத நாள் இல்லை.

அவளுடைய ஓய்வு நாளில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே பேசலாம், எங்கள் கல்யாணமான காலத்திலிருந்து முக்கியமான பேச்செல்லாம் அப்படித்தான் நடக்கும். எதுக்கும்மா இந்த நாற்காலி என்று மெதுவாகக் கேட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தம்பியைப் பிடித்துக்கொண்டு போன வருஷம் நான் ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்து படுக்கையில் கிடந்தேன், நீ பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாய். அவனுக்காக மனு எடுத்துக்கொண்டு மேலிடத்தின் வீட்டுக்கு அலைந்தது அவள் ஒருத்திதான். என்ன சொன்னார்கள் என்று தினமும் கேட்பேன், "நல்லாத்தான் பேசினாங்க, உட்கார வெச்சுத் தண்ணிகூடக் குடுத்தாங்க" என்பாள். உனக்கும் நான் போனில் அதையே சொல்லி, ஆக மோசமில்லை என்று தைரியம் கொடுத்தேன். அத்தனையும் பொய்யாம். முன்கூடத்தில் வடக்குச் சுவரோரம் அந்த நாற்காலிகள் வரிசையாகக் கிடக்குமாம், அவற்றில் யாருமே உட்கார்ந்திருக்க மாட்டார்களாம். எதிர்ச்சுவர் ஓரமாக இவளும் இவளைப்போல வந்தவர்களும் நிற்பார்களாம். வேலை முடிந்து போய் இருட்டுகிறவரை நின்றுவிட்டு, நாளைக்கு வாங்க என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வருவாளாம். அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு, இன்னைக்கு மூட்டை அதிகம் என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஒருநாள் தலை சுற்றியதாம், விழுந்துவிடக் கூடாதே என்று நாலடி நடந்துபோய் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தாளாம். மேஜையில் உட்கார்ந்து மனு வாங்குகிற ஆள் தலையைத் தூக்கிப் பார்த்து "அதுல கை வைக்காதீங்கம்மா, கறை படும்" என்றாராம். ஊர் நோயாளிகளின் ரத்தத்தையும் கறையையும் துவைத்து வெளுக்கிற கை அது. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். "அன்னைக்குக் கூட்டத்தோட உள்ள போனேன். ஆளாளுக்கு எதையோ தூக்கறாங்க. எனக்கு எதுவும் வேணாம்னுதான் நின்னேன். அப்புறம் அது கண்ணுல பட்டுது" என்றாள், அவ்வளவுதான். அந்த மனுவை யாராவது படித்தார்களா என்றுகூட இன்றுவரை தெரியாது, தம்பி ஒருநாள் அவனாகவே வாசலில் வந்து நின்றான், அது உனக்குத் தெரியும்.

இதைத் தம்பியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த விஷயம் நடந்தது. அன்று மத்தியானம் தம்பி சாப்பிட வந்திருந்தான். கதவைத் தட்டினார்கள், அம்மாதான் திறந்தாள். மெலிந்த ஒரு மனிதர், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், சட்டை சலவைக்குப் போய்ப் பல நாள் ஆகியிருக்கும். தெருக் குழுத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றார். மேலிடத்தின் வீட்டில் மேஜை வேலை பார்த்தவன், இப்போது குடியிருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், தெருவில் கல்லெறிகிறார்கள், இவரால் யாருக்கும் தீங்கில்லை என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு இடத்தில் இருந்துகொள்வேன் என்றார். நான் அம்மாவின் முதுகைப் பார்த்தேன், பார்த்ததும் ஆள் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. அத்தனை நாள் எதிரே நின்ற முகம், கொஞ்சம்கூடத் தெரியவில்லை. அம்மா போய் அந்தப் போர்வையை எடுத்தாள். "உட்காருங்க" என்றாள். அவர் விளிம்பில் உட்கார்ந்தார், கை தானாகக் கைப்பிடிக் குமிழைத் தேய்த்தது, உடனே நிமிர்ந்து, "இது வடக்குச் சுவர்ல கிடந்தது இல்ல?" என்றார். ஆளைத் தெரியாதவருக்கு நாற்காலியைத் தெரிந்துவிட்டது. அப்புறம் தனக்குத்தானே சொல்வதுபோல, "தினமும் நான்தான் தொடைப்பேன். ஒருநாள்கூட உட்கார்ந்ததில்ல, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்றார். அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நானும் அங்க வந்திருக்கேன். இவனுக்காக" என்று தம்பியைக் காட்டினாள். அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், எத்தனையோ பேர் வந்தாங்கம்மா என்றார்.

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அவனிடம் நேராகவே சொன்னாள். "எழுதிக் குடு. என்னை அடிக்கல, திட்டல. எத்தனையோ நாள் போனேன், ஒருநாளும் உட்காரச் சொல்லல. எல்லாத்தையும் எழுது." தம்பியின் கை சோற்றில் அப்படியே நின்றது. கழுவிக்கொண்டு வந்து பேப்பர் எடுத்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினான். அந்த மனிதர் வாங்கிப் படித்தார். "தம்பி, அந்தக் கடைசி வரி மட்டும் எடுத்துட்டா..." என்று இழுத்தார். தம்பி அம்மாவைப் பார்த்தான். அவள் கோபப்படவில்லை. "அது இருக்கட்டுங்க. அது இல்லேன்னா மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் உட்கார்ந்த இடத்தைக் கையால் தட்டித் துடைத்துவிட்டுத்தான் போனார், பழக்கம் போலிருக்கிறது. அந்தச் சீட்டு அவருக்கு உதவியதா என்று தெரியவில்லை. ஆள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார் என்று தம்பி சொல்கிறான்.

அவர் போனதும் உன் அம்மா அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முதல்முறையாக. நன்றாகச் சாய்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து, ஒரு தேநீர் குடிக்கிற நேரம் இருந்திருப்பாள். அப்புறம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன நாற்காலியோ, முதுகே சாய மாட்டேங்குது. இதுக்கா இவ்வளவு" என்றாள். மைதானத்துக்கு நான் தூக்கி வருகிறேன் என்றான் தம்பி. "எடுத்தது நான், வைக்கறதும் நானே வைக்கறேன்" என்று தலையில் ஏற்றிக்கொண்டு, நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்கத் தெருவின் நடுவில் நடந்தாள். தம்பி பின்னால் போனான், நான் காலை இழுத்துக்கொண்டு அவன் பின்னால். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வாசலில் வந்து நின்று பார்த்தார், நாங்கள் திருப்பத்தை எட்டுவதற்குள் சரவிளக்கைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குண்டெல்லாம் கலகலக்க ஓடிவந்து சேர்ந்துகொண்டார். "தலை வீங்கிப் போச்சுங்க, இனிமே தாங்காது" என்றார். மைதானத்தில் கம்பளம், கதவு, குளிக்கிற தொட்டி எல்லாம் குவிந்து கிடந்தன, யாரும் பெயர் கேட்கவில்லை, இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். வீட்டுக்கு வந்ததும் தம்பி, அம்மா பசிக்குது, பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டேன் என்றான். அவன் கேட்டுச் சாப்பிட்டு அத்தனை நாளாகியிருந்தது, அவள் இரண்டு தடவை அள்ளி வைத்தாள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன், புதிதாக வந்தவர்கள் எப்படி, எங்களை அங்கே அழைத்துக்கொள்ளட்டுமா, இல்லை நான் கிளம்பி வரட்டுமா என்று. எனக்குத் தெரியவில்லை கண்ணு. தேர்தல் வைக்கிறோம் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை. என் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்றே எனக்குத் தெரியாது, ஆனால் லிஃப்ட்டில் மறுபடியும் மேலே போக ஆள் வருகிறார்கள், முகங்கள்தான் புதிது. புது நிர்வாகம் வேறு இடம் கிடைக்காமல் அதே பெரிய வீட்டின் முன்கூடத்தில்தான் ஆபீஸ் போட்டிருக்கிறது. அங்கேயும் ஜனங்கள் மனுவோடு வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, தம்பியைப் பிடித்து "வர்றவங்க எங்கடா உட்காருவாங்க" என்று கேட்டாள். அவன் அங்கே போய்ச் சண்டை பிடித்தான். செய்கிறோம் என்றார்களாம், அவர்களும் அந்தச் சொல்லைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிறகு ஒரு பெஞ்சு வந்தது, வருகிற கூட்டத்துக்கு அது போதாது. இன்னொன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீ கொஞ்சம் பொறு, டிக்கெட் எடுக்காதே, எங்களையும் அழைக்காதே, அவள் இப்போது இங்கிருந்து நகர மாட்டாள். அங்கே டிவியில் நம் ஊரைக் காட்டினால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்காதே, எரிகிற ஒரே பஸ்ஸைப் பத்துத் தடவை காட்டுகிறார்கள், அந்த பஸ் அணைந்து எத்தனையோ நாளாகிறது. மாப்பிள்ளையிடம் இரவு வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல். குழந்தையை ஈரத் தரையில் விடாதே.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே, போனில் அம்மாவிடம் இந்த நாற்காலிப் பேச்சை எடுக்காதே. அவளாக என்றைக்காவது சொன்னால் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொள். தம்பி உள்ளே இருந்த வருஷத்திலிருந்து அவள் வேலைக்கு மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் போவாள், காய்கறி வாங்கத் தோது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வீட்டு வழியாகப் போனால் பாதித் தூரம்கூட இல்லை. இந்த வாரம் காலையில் எல்லா வேலையும் முடித்துவிட்டும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறாள். நேரமாகலையா என்று கேட்டேன். "அவசரம் இல்லைங்க, இனிமே நேர் வழியா போயிக்கறேன்" என்றாள்.

நீயும் மாப்பிள்ளையும் பேரக்குழந்தையும் நோய் நொடி இல்லாமல், யார் தயவும் தேடி நிற்காமல், மனநிறைவோடு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அப்பா
(அம்மாவும் தம்பியும் விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை, நான் எழுதுவதே அவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் விசாரிக்கிறார்கள்.)